மகேஸ்வரியின் சுத்தமான போன்

ஈஸ்வரின் போனில் பெரிய கம்பெனிகளின் ஆப் எதுவும் கிடையாது. அதில் பேங்க் திறக்காது, பஸ் டிக்கெட் போட முடியாது, பரோட்டாக் கடையில்கூட உடன் வந்தவன்தான் ஜிபே பண்ணுவான். இதை அவன் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டு ஆறு மாதமாகத் திரிந்தான். ஆகவே புதன்கிழமை மதியம் வகுப்புத் தோழி மகேஸ்வரி தன் போனை நீட்டியபோது, முதல் சிஷ்யை கிடைத்துவிட்டாள் என்று அவனுக்கு வாயெல்லாம் பல்.

மகேஸ்வரிக்குக் காரணம் வேறு. டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி.க்கு ரகசியமாக விண்ணப்பித்திருந்தாள். பட்டியல் எந்நேரமும் வரலாம். இடம் கிடைத்தால், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் மெயிலில் சம்மதம் சொல்லிவிட வேண்டும். விடுதியும் உதவித்தொகையும் கையில் வந்த பிறகு வீட்டில் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. வீட்டிலோ ஒட்டன்சத்திரத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள்.

சின்னாளப்பட்டியில் அவள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரி விட்டு வந்ததும் போனை பிரிட்ஜ் மேல் வைத்துவிட வேண்டும். அண்ணன் சுப்புராஜ் முகம் கழுவி, காப்பி குடித்துவிட்டு, அதை எடுத்து மேலிருந்து கீழே தள்ளிப் பார்ப்பான். அந்த வீட்டில் அதற்குப் பெயர் செக்கிங். அவள் எங்கே நிற்கிறாள் என்று காட்டும் ஆப் ஒன்றையும் அவனே போட்டு வைத்திருந்தான்.

ஈஸ்வர் எல்லாவற்றையும் துடைத்தெடுத்தான். புது மெயில், புது வரைபடம், ஒட்டுக்கேட்காத கீபோர்டு, பெயர் வாயில் நுழையாத அரட்டை ஆப் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் போட்டான். பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்த முகவரியையும் அந்தப் புது மெயிலுக்கே மாற்றினான்.

"டேய், வாட்ஸ்அப் மட்டும் போட்டுரு. எங்கண்ணன் அதத்தான் மொதல்ல பாக்கும்."

"அதப் போட்டா இந்தப் போனுக்கே அர்த்தமில்ல மகேசு."

"எனக்கு அர்த்தம் வேணாம்டா. சீட்டு வேணும்."

"ஒரு ஓட்டை விட்டா அம்புட்டும் ஓட்டைதான். கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவள் போனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறப் போனாள்.

வியாழக்கிழமை அவள் கல்லூரிக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கல்லூரி வாசலுக்கு சுப்புராஜ் வந்தான். பைக்கை விட்டு இறங்காமலே போனை நீட்டினான்.

"தம்பிதான் ஈஸ்வரா? உள்ள என்னமோ இருந்தா நாலு ஏச்சு ஏசி விட்டுருப்பேன்யா. ஒண்ணுமே இல்ல. பொம்பளப் பிள்ள போன்ல வாட்ஸ்அப்பே இல்லன்னா, அம்புட்டையும் அழிக்கிற அளவுக்கு என்ன நடந்திருக்கும்? சொல்லு."

"ஒண்ணும் நடக்கலண்ணே. இது ஒரு பாதுகாப்புக்காக..."

"யாருகிட்ட இருந்து?"

ஈஸ்வரிடம் இதற்கு நாற்பது நிமிடச் சொற்பொழிவு இருந்தது. அதில் சுப்புராஜ் வரமாட்டான், அமெரிக்கா வரும்.

"பழையபடி போட்டுக் குடு. நான் இங்கனதான் நிப்பேன்."

போனின் மேல் ஓரத்தில் ஒரு வரி தெரிந்தது: புதிய மெயில் ஒன்று. அனுப்பியவர் பெயர் வெளியே தெரியாதபடி புதன்கிழமை அவனேதான் அமைத்திருந்தான். என்ன மெயில் என்று அவனுக்குத் தெரியும். திறக்க ஒரு விரல் போதும். அந்த விரலைத்தான் சுப்புராஜ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் அழிஞ்சிரும்ணே."

"அழியட்டும்."

போன் போனால் என்ன, மெயில் எங்கும் போகாது, கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளலாம் என்று ஈஸ்வர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். டீக்கடை பெஞ்சில் மடிக்கணினியை விரித்து, ஒரு மணி நேரம் பவ்யமாக வேலை பார்த்தான். அண்ணனுக்கு வேண்டிய அத்தனையும் திரும்ப ஏறின. சுப்புராஜ் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

பைக் திரும்பியதும் ஈஸ்வர் மெயிலைத் திறந்தான். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. அடுத்து ஆறு இலக்க எண்ணைக் கேட்டது.

அந்த எண்ணைத் தருகிற ஆப், அழித்த போனில் இருந்தது. மாற்றுச் சாவியும் அதே போனில். நம்பர் கொடுத்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று போன் நம்பரும் கொடுக்கவில்லை. அவன் வேலை அவ்வளவு சுத்தம். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஏழு முறை அடித்தான். இந்தியில் ஒரு பாட்டு ஓடியது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அம்மாவின் போனிலிருந்து மகேஸ்வரி கூப்பிட்டாள்.

"மெயில் வந்திருக்கணுமே. சரின்னு போட்டுட்டியா?"

"தொறக்க மாட்டேங்குது."

"யாரு பூட்டுனா?"

"நாந்தான்."

எதிர்முனையில் குக்கர் விசில் அடித்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

"எங்கண்ணன் வருது, வைக்கிறேன்" என்றாள். "உன் போன்லயிருந்து என் நம்பர எடுத்துரு. அதையாவது ஒழுங்காச் செய்யி."