புகைபோக்கியின் அடியில் ஒரு மைக்

புகைபோக்கி விழப்போவது ஒரே ஒரு முறை. பத்து மணிக்கு நிற்கும், பத்து ஒன்றுக்குச் செங்கல் குவியலாகிவிடும். "இன்னொரு டேக் போகலாமா?" என்று யாரிடம் போய்க் கேட்பது? ஒரு படத்துக்காக அந்தச் சத்தத்தைப் பிடிக்க வந்தவர்கள் இரண்டே பேர். சின்னவளும் அவள் அக்கா புருஷனும். ஒரு மைக்குக்காக இருவரும் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் வைக்கும் ஜோடி மைக்கில் தகராறு ஏதும் கிடையாது. புகைபோக்கியின் அடியில், மண் மூட்டைகளுக்கு நடுவே எதை வைப்பது என்பதுதான் சண்டை. அவள் கேட்டது எறும்பு ஊர்ந்தாலும் சொல்லிவிடும் கண்டென்சர் மைக். செங்கல் முதல் விரிசல் விடும்போது முனகுமே, அந்த முனகல் அவளுக்கு வேண்டும். அத்தான் கேட்டது கச்சேரி மேடைகளில் அடி வாங்கித் தலை நசுங்கிய பழைய டைனமிக் மைக். வாயை ஒட்டி வைத்துப் பேசினால்தான் அதற்குக் காது கேட்கும். ஆனால் பக்கத்தில் இடியே விழுந்தாலும் கரகரக்காது.

"போன மாசம் குவாரியில என்ன ஆச்சு? உன் செல்ல மைக் முதல் வெடிக்கே தொண்டை கிழிஞ்சு கத்துச்சு. டைரக்டர் என்னைக் கழுவி ஊத்தினாரு. இந்தத் தடவையும் சொதப்பினோம்னா ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"அன்னைக்கு லெவலை ஏத்தி வெச்சது நீங்க, அத்தான்."

அது உண்மை. அதனால்தான் பேச்சு நின்றுபோனது.

கடைசியில் கண்டென்சர்தான் போனது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை, ஆனால் ரெக்கார்டர் அவள் கையில் இருந்தது. அவளே போய் மைக்கைப் பொருத்தி, வேலி வரை நீளக் கேபிளை இழுத்து வந்தாள். கம்பியில்லா மைக்கும் கூடாது, செல்போனும் கூடாது என்று இடிக்கும் வேலைக்குப் பொறுப்பான எஞ்சினியர் சொல்லியிருந்தார். அவரை அங்கே எல்லாரும் வெடிக்காரர் என்றுதான் அழைத்தார்கள். ரேடியோ அலை வெடிமருந்தை உசுப்பிவிடுமாம். எல்லாருடைய போனும் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தது.

முதல் சங்கு ஊதியதும் தலை எண்ணினார்கள். யாரும் குறையவில்லை. "வேன்ல பேட்டரி எடுத்துட்டு வரேன்" என்று அத்தான் நகர்ந்தார். மூன்று நாளில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. மனுஷன் மலையிறங்கிவிட்டார் என்று சந்தோஷப்பட்டாள் அந்தப் பைத்தியக்காரி.

இரண்டாம் சங்கு. இனி ஒரு நிமிஷம்தான். அவள் ஹெட்போனை மாட்டி, ரெக்கார்ட் பட்டனை ஒரு முறை அழுத்தினாள். சிவப்பு விளக்கு சிமிட்டியது. சிமிட்டும்வரை சத்தம் காதுக்கு வரும், பதிவாகாது. லெவலைச் சரிபார்த்துவிட்டு இரண்டாம் முறை அழுத்தினால்தான் பதிவு தொடங்கும்.

அப்போதுதான் கேட்டது. செங்கல் துண்டுகள்மேல் காலடி. ஒரு செருமல். மைக்கைப் பிடித்திருக்கும் திருகு கிர்ர் கிர்ரென்று சுழன்றது. பிறகு 'டப்'. காது செத்துப்போனது. திரையில் லெவல் கோடு தரைக்கு இறங்கியது.

திருகைக் கழற்றத் தெரிந்தவர் இந்த இடத்தில் இன்னும் ஒருவர்தான். வேன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அத்தான் இல்லை.

"சார், நிறுத்துங்க! அடியில ஆள் இருக்கு!"

வெடிக்காரரின் கை வெடியைக் கிளப்பும் பெட்டிமேல் இருந்தது. "இப்பதானே எண்ணினோம்? அது காத்தும்மா."

"காத்து திருகைக் கழட்டுமா சார்?"

"எங்க, கேட்டதைப் போட்டுக் காட்டு."

போட எதுவுமில்லை. விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. மூன்றாம் சங்கு ஊதியது. ஒலிபெருக்கியில் ஒருவன் பத்திலிருந்து எண்ணத் தொடங்கினான்.

சங்கு ஊதியும் அத்தான் ஏன் ஓடி வரவில்லை? காதில் பஞ்சடைப்பான்! காது விஷயத்தில் அவரைப்போல ஒரு கஞ்சனைப் பார்க்க முடியாது. வெடி என்றாலே முன்கூட்டியே அடைத்துக்கொள்வார்.

"எட்டு... ஏழு..."

அந்தப் பழைய மைக்கைத்தான் மாட்டியிருப்பார். அந்தச் செவிடுக்கு இந்த லெவலில் என்ன கேட்கும்? அவள் ரெக்கார்டரின் லெவல் குமிழைக் கடைசிவரை முறுக்கினாள். ஹெட்போனைக் கழற்றி, மரியாதை எல்லாம் பார்க்காமல், வெடிக்காரர் தலையில் கவிழ்த்து அழுத்தினாள்.

"ஆறு... அஞ்சு..."

எந்த மைக்கை மாட்டினாலும் அத்தான் வாயை ஒட்டி வைத்து எண்ணிப் பார்க்காமல் விடமாட்டார். இருபது வருஷப் பழக்கம். எண்ணுங்க அத்தான், எண்ணித் தொலைங்க.

"நாலு..."

வெடிக்காரரின் முகம் வெளுத்தது. பெட்டியிலிருந்து சாவியைப் பிடுங்கினார். "நிறுத்துடா! நிறுத்து!" பிறகு அவளைப் பார்த்து, நம்பாதவரைப்போலச் சொன்னார். "ஒண்ணு, ரெண்டுன்னு சொல்றான்மா ஒருத்தன்."

இரண்டு பேர் ஓடிப்போய் அத்தானை அழைத்து வந்தார்கள். சட்டைக்குள் கண்டென்சர் மைக்கைப் பத்திரமாகப் பொத்திக்கொண்டு, புழுதியோடு, ஏன் இத்தனை கூட்டம் என்று புரியாமல் வந்தார். அவள் அவர் காதிலிருந்து பஞ்சடைப்பான்களைப் பிடுங்கி எறிந்தாள்.

"மைக் உடைஞ்சா வேற வாங்கலாம். நீங்க செத்திருந்தா நான் அக்காகிட்ட என்னன்னு போய்ச் சொல்றது? மைக் மாத்தப் போனாருன்னா?"

அவர் வாயைத் திறந்தார். வெடிக்காரர் அவிழ்த்துவிட்ட வசவில் அது தானாக மூடிக்கொண்டது.

மறுபடி தலை எண்ணி, மறுபடி மூன்று சங்கு ஊத அரைமணி ஆனது. அடியில் இருந்த பழைய மைக்கை மாற்ற யாரும் போகவில்லை. இந்த முறை அவள் லெவலை இறக்கி வைத்து, பட்டனை இரண்டு தரம் அழுத்தினாள், விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது. ஒரு கையால் அத்தானின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். புகைபோக்கி சாயத் தொடங்கியபோது, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அவளை மீறி வந்துவிட்டது. வேலியோர மைக் இரண்டடி தள்ளித்தான் நின்றது. பதிவின்போது எச்சில் விழுங்கினாலே முறைக்கிற மனுஷன், அன்று அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு வாரம் கழித்து ஸ்டூடியோவில் டைரக்டர் கண்ணை மூடிக் கேட்டார். "அடி பிரமாதம். சுத்தமா இருக்கு. ஆனா விழறதுக்கு முன்னாடி தூர மைக்ல விசும்புற மாதிரி ஏதோ வருதே, என்னது?"

சின்னவள் தலை குனிந்துகொண்டாள்.

"காத்து சார்" என்றார் அத்தான். "அதை எடுக்க வேண்டாம். இருக்கட்டும்."