மூன்றில் ஒன்று

கல்லறையிலிருந்து திரும்பியவர்களுக்கு டார்கஸ் ஆப்பிள் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் எலிஷாவைப் புதைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜாடி நிறைய சாராயம் இருந்தும் இந்த வீட்டில் அவளுக்குப் பயமில்லாத முதல் நாள் இதுதான்.

ஊர்க்காரர்கள் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவள் அப்பா கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"கிளம்பும்மா. வண்டி நிக்குது. எனக்கும் இப்ப கால் வீக்கம், பாத்துக்க ஆளில்ல."

அமெரிக்க விடுதலைச் சண்டைக் காலத்தில் மாசசூசெட்ஸ் சபையில் இங்கிலாந்து ராஜாவின் கொடுமையைப் பற்றி நாள் முழுக்கப் பேசிப் பேர் வாங்கியவர் அவர். கல்யாணமான மறுவருஷம் கன்னம் வீங்கிப் போய் அவர் வாசலில் டார்கஸ் நின்றபோது மட்டும் அதிகம் பேசவில்லை. புருஷன் வீடுதான் உன் வீடு என்று வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

"நான் வரலப்பா. எனக்கு இங்க பங்கு இருக்கு."

பிள்ளையில்லாத வீடு கொழுந்தன் ஜோத்தாமுக்குத்தான் போகும். ஆனால் விதவைக்குச் சாகும்வரை மூன்றில் ஒரு பங்கு என்பது சட்டம். அப்பா போய்விட்டால் ஜோத்தாம் வேறு பேச்சுப் பேசுவான். அவள் சாக்கட்டியை எடுத்து, அடுப்படியில் மனைவியோடு நின்றிருந்த அவனிடம் நீட்டினாள்.

"அப்பா முன்னாடியே என் பங்குக்குக் கோடு போட்டுரு. கிழக்கு ரூம், பாதி நிலவறை. வாரத்துல ரெண்டு நாள் ரொட்டி அடுப்பு. கிணத்துக்குப் போற வழி."

"கிணத்துக்கு எங்க சமையக்கட்டு வழியாத்தான் போகணும், அண்ணி."

"போறேன்."

"அந்த ரூம் ஒரு எலிக்கே பத்தாது."

"எலி குடிச்சுட்டு வராதே, ஜோத்தாம்."

அவன் மனைவி சிரிப்பை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் ஒளித்துக்கொண்டாள்.

அப்பாவின் முகம் கறுத்தது. "ஊர் என்ன சொல்லும்? என் மக ஒத்த ரூம்ல கெடக்குறான்னு..."

"இதான் என் வீடுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க."

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். ஜோத்தாம் முட்டி போட்டு, பெருமூச்சு விட்டபடி கோடு இழுத்தான். கிழவர் சற்று நேரம் அதைப் பார்த்தார். பிறகு மிதிக்காமல் தாண்டி வெளியே போனார்.

வண்டிச் சத்தம் தேய்ந்தது. டார்கஸ் கிழக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை. கட்டிலின் குறுக்கே கைகால் நீட்டிப் படுத்தாள். ஜோத்தாமின் மனைவி பாத்திரம் உருட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது. பட்டப்பகலில், வெயில் முகத்தில் விழ, அவள் தூங்கிப்போனாள்.