புத்தகத்தில் இல்லாத முகம்

“அத்தே, கறுப்பா இருக்கவங்க புஸ்தகம் எழுதுவாங்களா?”

பொங்கல் முடிந்த வாரத்தில் செவந்தி கேட்டாள். கண்ணாத்தாளின் அண்ணன் மகள், மூன்றாம் வகுப்பு. பள்ளியில் அவளைக் கரிச்சட்டி என்று கூப்பிடுகிறார்கள்.

“எழுதாம என்ன? எழுதியிருக்காங்க.”

“யாரு? படத்தக் காட்டுங்க.”

காட்டுவதற்குக் கண்ணாத்தாளிடம் ஒன்றும் இல்லை.

“பாத்தீங்களா, பொய்!” என்று சிலேட்டைக் கவிழ்த்து வைத்தாள் செவந்தி. அன்றிலிருந்து அவளைப் பள்ளிக்கு அனுப்புவது தினமும் ஒரு போராட்டமானது.

கண்ணாத்தாள் விராலிமலை ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். மாதம் இரண்டு புத்தகம் படிப்பதைச் சஷ்டி விரதம் போல விடாமல் காத்து வந்தாள். ஒன்று முடிந்தால் நாட்காட்டியில் மஞ்சளால் ஒரு புள்ளி வைப்பாள். பிப்ரவரி மாதத்து இரண்டும் கறுப்பர்கள் எழுதியவையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பஸ் ஏறிப் புதுக்கோட்டை வாசகசாலைக்குப் போனாள்.

“அந்த மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு நர்சம்மா,” என்றார் அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கும் ரெங்கசாமி. “அமெரிக்காவுல அடிமைக் குடும்பத்துல பொறந்தவரு தன் கதைய எழுதினது. தமிழ்ல வந்திருக்கு. இப்ப வெளிய போயிருக்கு.”

அடுத்த முறையும் வெளியே போயிருந்தது. அதற்கடுத்த முறை வாசகசாலையே பூட்டியிருந்தது. பிப்ரவரியில் ஒரு புள்ளிகூட இல்லை. மார்ச்சிலும் இல்லை.

“வேற எதாச்சும் எடுத்துட்டுப் போங்களேன்,” என்றார் ரெங்கசாமி.

“வேற எதாச்சும் வேணும்னா நான் கேக்க மாட்டனா? யாருங்க அது, ரெண்டு மாசமா ஒரு புஸ்தகத்த வச்சுக்கிட்டு? மனப்பாடம் பண்றாரா?”

ஏப்ரலில் புத்தகம் கைக்கு வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிரித்தாள். ‘ஆசிரியரின் படம்’ என்று உள்ளடக்கத்தில் இருந்தது. படம் இருந்த பக்கத்தை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள்.

“பாவி!” என்றாள் வாய்விட்டு. முன் இருக்கைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

செவந்தி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். “மொகத்தயே காணோம். இத எழுதினவரு செவப்பா இருந்திருப்பாரு,” என்று எழுந்து போய்விட்டாள். கண்ணாத்தாள் புத்தகத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பகலில் பக்கத்து ஊரிலிருந்து அழைப்பு. மருதாயி வீட்டில், பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மகள் அழகிக்கு வலி. குழந்தை பிறந்து, கை கழுவி நிமிர்ந்தபோதுதான் சுவரைப் பார்த்தாள். முருகன் படம். அதன் பக்கத்து ஆணியில், அட்டையில் ஒட்டிய இன்னொரு படம். கோட்டுப் போட்ட கறுப்பு மனிதர். நெற்றியில் குங்குமம்.

“அது யாரு?” அவள் குரல் அவளுக்கே முரடாகக் கேட்டது.

“எம் மகன் பழனிச்சாமி கொண்டாந்தது தாயி,” என்றாள் மருதாயி. “பஸ்ஸுல கிளீனரா இருக்கான். நம்மளாட்டம் ஒழச்சு, அடி வாங்கி, பொறவு புஸ்தகம் எழுதினாராம் இவரு. பொறக்குற புள்ளைக்கும் அந்த எழுத்து வரணும்னு தெனமும் கும்புட்டேன். முப்பது நாள் தீட்டுக் கழிச்சு, அடுத்து வர்ற மாசக் கார்த்திகை அன்னைக்குக் காலையில எல்லாரும் மலைக்குப் போறோம்.”

நாக்கு நுனியில் நின்ற வசவைக் கண்ணாத்தாள் விழுங்கினாள். வாசலில் பழனிச்சாமி அவள் பையை எடுத்துக் கொடுத்தான். பைக்குள் இருந்த புத்தகத்தைக் கண்டதும் அவன் கை நின்றது. அவள் சொன்னது ஒன்றுதான்: “பொட்டப்புள்ள. நல்லா இருக்கு.”

திரும்பும் வழியெல்லாம் தன்மேலேயே எரிச்சல். அங்கே வாயை மூடிக்கொண்டாயிற்று. வீட்டில் செவந்திக்கு என்ன சொல்வது?

மூன்றாம் நாள், வார்டிலிருந்து வந்தபோது ஆஸ்பத்திரியில் தன் மேசைமேல் இருந்த புத்தகம் சற்றுப் புடைத்திருந்தது. உள்ளே செய்தித்தாளில் மடித்த படம். அட்டையிலிருந்து நனைத்து உரித்திருந்தார்கள். குங்குமம் மட்டும் அழியவில்லை. யார் வந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

அன்று மாலை செவந்தி படத்தின் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

“என்னயவிடக் கறுப்பு. பொட்டு வேற வச்சிருக்காரு! இவரா எழுதினாரு?”

“இவரேதான்.”

“அப்ப படிங்க, கேப்போம்.”

ஏப்ரலுக்கு ஒரு புள்ளி விழுந்தது. இரண்டாவது விழவில்லை, அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

கண்ணாத்தாள் படத்தைப் புதுக்கோட்டை ஸ்டுடியோவில் கொடுத்து நகல் எடுத்தாள். பிறகு அசலைச் சோற்றுப் பசையால் புத்தகத்தில் ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

மருதாயி சொன்ன கார்த்திகை அன்று காலை, எல்லாரும் மலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அந்த ஊருக்குப் போனாள். மருதாயி வீட்டில் படல் சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. உள்ளே முருகன் தனியாக இருந்தார். பக்கத்து ஆணி காலி. அதில் நகலை மாட்டி, தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டு அந்தப் படத்தின் நெற்றியில் வைத்தாள். படலைப் பழையபடி சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.