ஜோதிலட்சுமியின் வயிறும் உஸ்மான் சாலைப் பூட்டுகளும்

ஆடித் தள்ளுபடியின் முதல் வெள்ளிக்கிழமை முற்பகலில், தி. நகர் உஸ்மான் சாலையில் பூட்டியிருந்த பூட்டுகள் அத்தனையும் தாமாகத் திறந்துகொண்டன. நகைக்கடைப் பெட்டகங்கள், மாடி வீட்டுக் கதவுகள், கார் டிக்கிகள், பிள்ளையார் கோயில் உண்டியல், எல்லாம். எதுவும் களவு போகவில்லை. பிக்பாக்கெட்காரர்கள்கூடத் தங்கள் சொந்த வண்டி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஓடினார்கள்.

காரணம், ஒரு புடவைக் கடையின் பட்டுப் பிரிவில் விற்பனைப் பெண்ணாக நின்ற ஜோதிலட்சுமியின் வயிறு. சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்தவரை அவள் கடைக்கு நடந்தே வந்துவிடுவாள். அரசாங்கம் வீட்டை இடித்துக் குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகு, காலையும் மாலையும் நெரிசலான பஸ்ஸில் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. அப்போதிலிருந்து வயிறு அவள் பேச்சைக் கேட்பதில்லை. சில வாரம் கல்லாகக் கட்டிக்கொள்ளும், சில வாரம் ஓயாமல் ஓடவைக்கும். கழிவறைக்குப் போய்வந்தால் வலி இறங்கும், கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறும். காலையில் சாப்பிடுவதை நிறுத்தினாள், தண்ணீரையும் குறைத்தாள். ஆட்டோ ஓட்டும் கணவன் புகழேந்தியிடம் தலைவலி என்று சொல்லிவைத்தாள். வயிறு என்றால் மேற்கொண்டு கேட்பான், கேட்டால் சொல்லவேண்டி வரும். கடையிலோ கழிவறைச் சாவி மேற்பார்வையாளர் சண்முகசுந்தரத்தின் சட்டைப்பையில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆம்பிளையிடம் போய்க் கையை நீட்டவேண்டும். அந்த வெள்ளிக்கிழமை அவள் நீட்டியபோது, "இப்பதானேம்மா போய்ட்டு வந்தே? கல்யாண பார்ட்டி உக்காந்திருக்கு, அடக்கிக்கோ" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ஜோதிலட்சுமிக்குக் காதுமடல்வரை சுட்டது. வயிறு ஒரு முறுக்கு முறுக்கியது. கழிவறைப் பூட்டு தானாகத் திறந்தது. அதோடு நிற்காமல் சாலை முழுவதும் திறந்தது.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. மெட்ரோவுக்குத் தோண்டுவதால் பூமிக்குள் ஏதோ காந்தம் கிளம்பிவிட்டது என்றார்கள். பூட்டு விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம். உள்ளே தாழிட முடியாத கதவை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் ஜோதிலட்சுமிக்கு, வெளியே ஷட்டர்கள் வரிசையாக ஏறும் சத்தம் கேட்கும். தன் வயிற்றைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது, அது யாருடையது என்றுதான் ஊருக்கு இன்னும் தெரியவில்லை என்று நினைத்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள்.

பக்கத்து நகைக்கடையின் காவலாளி மெஹபூப் அலி, திருவல்லிக்கேணிக்காரர். அவள் முகம் வெளுத்து வந்தால் ஒன்றும் கேட்காமல் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவைப்பவர். அவரிடம் கள்ளச்சாவி இருக்கிறது என்று முதலாளி முடிவுகட்டி, போலீஸை அழைத்தார். நடைபாதையில் வைத்து அவர் தொப்பியைக் கழற்றச் சொல்லி, கையில் விலங்கு மாட்டினார்கள். கூட்டம் கூடிவிட்டது. படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜோதிலட்சுமிக்கு வயிறு கலக்கத் தொடங்கியது. கழிவறை மேலே இருந்தது. அவள் கீழே இறங்கினாள்.

"பாய் மேல தப்பு இல்ல சார். அது என் வயிறு."

"இன்னாம்மா சொல்ற?" என்றார் ஏட்டு.

"எனக்கு அவசரமா கக்கூஸ் வந்தா பூட்டு தொறந்துக்குது சார். அடக்க முடியல. தெனமும் வருது."

யாரோ சிரித்தார்கள். அவள் சொல்லி முடிக்கும்போதே மெஹபூப் அலியின் மணிக்கட்டிலிருந்த விலங்கு கழன்று விழுந்தது, நகைக்கடை ஷட்டர் ஏறியது, அவள் ஓடினாள். திரும்பி வந்தபோது போலீஸ் போயிருந்தது, அவர் தொப்பியோடு தன் இடத்தில் நின்றிருந்தார். "உக்காரு தங்கச்சி" என்று நாற்காலியைத் தள்ளினார். அவள் உட்கார்ந்தாள். ஆனால் அன்று முழுவதும் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போவதற்குள் சேதி ஆட்டோ ஸ்டாண்டு வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. "என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?" என்றான் புகழேந்தி. "அசிங்கமா கீதுய்யா" என்றாள். அவன் மறுவாரமே மயிலாப்பூரில் டாக்டர் வர்ஷினியிடம் கூட்டிப்போனான். எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. "உள்ள புண் இல்ல, கட்டி இல்ல. குடல் சட்டுனு பதறிடுது. இரிட்டபிள் பவல், சுருக்கமா ஐபிஎஸ்னு சொல்லுவோம். உயிருக்கு ஆபத்து கிடையாது. அதுக்காக நீங்க கற்பனை பண்றீங்கன்னும் அர்த்தம் இல்ல" என்றாள் டாக்டர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மருந்து அலமாரி திறந்துகொண்டது. அதைக் காலால் தள்ளி மூடிவிட்டுத் தொடர்ந்தாள்: பட்டினி கிடக்கக் கூடாது, நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், பாலையும் காபியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், முறுக்கு வந்தால் இந்த மாத்திரை. "பூட்டுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா."

பாலும் பச்சை வெங்காயமும்தான் குற்றவாளிகள் என்று தெரியச் சில மாதங்களாயின. அவற்றை விட்டபின் வாரக்கணக்கில் வயிறு அடங்கிக் கிடந்தது. பிள்ளைகளின் பரீட்சை, தீபாவளிக் கூட்டம் என்று வந்தால் மறுபடி புரண்டது. சண்முகசுந்தரம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கழிவறைக்குப் பூட்டுப் போடுவதை மட்டும் விட்டுவிட்டார். உஸ்மான் சாலையில் ஷட்டர்கள் ஏறினால், வியாபாரிகள் பேச்சை நிறுத்தாமலே எட்டி அவற்றை இறக்கிவிடப் பழகிக்கொண்டார்கள். வெட்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

மார்கழியில் ஒரு காலை, பள்ளிக்கரணையைத் தாண்டும்போது பஸ்ஸின் கதவுகள் படாரென்று திறந்தன, பயணிகளின் டிபன் பாக்ஸ்கள்கூடத் திறந்தன. கண்டக்டர் விசில் ஊதினார். பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டி நின்றது. "போய்ட்டு வாக்கா, வண்டி எங்கியும் போவாது." அவள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஐடி கம்பெனிப் பெண் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் வேட்டியைப் பிடித்தபடி ஒரு பெரியவர், அப்புறம் இன்னும் இரண்டு பேர்.

"எனக்கும்தான்க்கா, ரொம்ப நாளா" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்தபடி.

"சரி, நீ முதல்ல போ" என்றாள் ஜோதிலட்சுமி.