டாக்டர் மேல் பெட்டிஷன்

என் மாமியார் வள்ளியம்மாவின் மேலுதடு ஒரு காலையில் பஜ்ஜி போல் உப்பியிருந்தது. கேட்டதற்கு எறும்பு கடித்துவிட்டது என்றார். மறுநாளும் கடித்ததாம். தினமும் அதே உதட்டைத் தேடி வரும் எறும்பை நம்ப நான் தயாராக இல்லை.

எங்கள் ஊர் புக்கிட் ரோத்தான் கிளினிக்கில் அவருக்கு இரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை கொடுத்திருந்தார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் கைப்பேசிச் செயலியில் தெரிவிக்கலாம் என்று அங்கே நோட்டீஸும் ஒட்டியிருந்தது. செயலியை இறக்கி, கேட்டதையெல்லாம் நிரப்பி, உதட்டையும் படம் எடுத்து அனுப்பினேன். உதடு வீங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போகவும், வீக்கம் தொண்டைக்குப் போனால் மூச்சடைக்கும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது.

"அத்தை, இனிமே இந்த மாத்திரை வேணாம். நான் ரிப்போர்ட் பண்ணிட்டேன். வாங்க, கிளினிக் போவோம்."

"யார் மேல ரிப்போர்ட்டு?"

"யார் மேலயும் இல்ல. மாத்திரை மேல."

"மாத்திரை குடுத்தது நிமல் டாக்டரு. அந்தப் புள்ள மேலயா பெட்டிஷன் போட்ட?"

எங்கள் வீட்டு வரிசையில் எல்லாரும் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவர்கள். அங்கே ரிப்போர்ட் என்றால் ஒன்றுதான்: யாராவது தோட்டத்துக் கணக்கர் கிராணி மேல் எழுதிப் போடுவார்கள், கிராணி மாற்றலாகிப் போவார், அடுத்து வருகிறவர் அவரைவிட மோசமாக இருப்பார். நிமல் டாக்டரோ தமிழில் பேசுகிறவர், முகம் பார்த்து நலம் விசாரிக்கிறவர். விஷயம் பரவ, அரை மணி நேரத்தில் வரிசையே எங்கள் வாசலில் நின்றது.

"வாபஸ் வாங்கிடு லா, பிரமிளா" என்றார் பக்கத்து வீட்டுக் காளியம்மா.

"நல்ல மனுசன் சோத்துல மண்ணள்ளிப் போடாதம்மா" என்றார் தோட்டத்தில் முன்பு மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்த சுப்பிரமணியம். என் கணவர் சசிகுமார் டிவி ரிமோட்டில் பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டவனும் அப்படி, வாய்த்த மாமியாரும் அப்படி.

மாமியார் எல்லார் முன்னாலும் ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கத்தினேன், அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "சரி, டாக்டர்கிட்டயே போய் மன்னிப்புக் கேக்குறேன். நீங்களும் வாங்க" என்றேன். உடனே புறப்பட்டார்கள். தாம்பாளத்தில் ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்து மண்டோரின் வேனில் ஏறினோம்.

ரிப்போர்ட் பண்ணியதற்கு மன்னிக்கச் சொல்லி மண்டோர் தாம்பாளத்தை நீட்டினார். டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு உதட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதை யார் ரிப்போர்ட் பண்ணது?"

எல்லா விரல்களும் என்னை நோக்கி நீண்டன.

"நல்ல காரியம் செஞ்சீங்க. வேற யாருக்காவது மாத்திரை ஒத்துக்கலையா?"

காளியம்மா, "எனக்குச் சும்மா வறட்டு இருமல்தான் டாக்டர். தீபாவளியில இருந்து" என்றார். மண்டோருக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லையாம்.

"ஒவ்வொரு தடவையும் கேக்குறேனே, ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையா கேப்பீங்க டாக்டர்" என்றார் காளியம்மா. "நல்லாருக்கேன்னு சொன்னா சிரிப்பீங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. மாமியார் பக்கம் திரும்பி, "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா அம்மா?" என்றார்.

"போட்டேன் டாக்டர். வேன்ல இன்னொண்ணும் போட்டேன். உங்களப் பாக்க வர்றேனில்ல."

சொல்லும்போதே நாக்கு குழறியது. டாக்டர் எழுந்து ஓடி நர்ஸைக் கூப்பிட்டார். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மாமியாரின் மூச்சு விசில் அடித்தது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "டாக்டரு வேலை போவாதுல்ல?" என்றார். இந்தப் பொம்பளை செத்துப்போய்விடுவாளோ என்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

பிழைத்துக்கொண்டார். மறுநாள் ஆஸ்பத்திரி வார்டில் வேறொரு டாக்டர் வந்து, சிரித்த முகமாக, "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டார்.

"நல்லா..." என்று தொடங்கிய மாமியார் என்னைப் பார்த்தார்.

"தலை சுத்துது டாக்டர்" என்றார், ஏதோ திருடியதை ஒப்புக்கொள்பவர்போல.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.