தையல்காரம்மா அரசாங்கத்துக்குக் கொடுத்த கடன்

அலுவலகத்தில் அவரை எல்லாரும் கடன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவரிடமும் கைமாற்று வாங்கியவர் இல்லை. தவணையில் ஒரு மின்விசிறிகூட வாங்கியவர் இல்லை. நிதித்துறையில், அரசாங்கத்துக்குக் கடன் திரட்டுகிற பிரிவில் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருந்த பாவத்துக்குத்தான் அந்தப் பெயர். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. யாராவது எப்படியாவது கூப்பிட்டால் சரி என்று இருக்கிற ஆள்.

இப்போது அப்படிக் கூப்பிடவும் ஆளில்லை. நோய் பரவி, ஊரே கதவைச் சாத்திக்கொண்ட மூன்றாவது மாதம். அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு கணினியும் காதில் மாட்டுகிற ஒலிக்கருவியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடன்காரருடைய வீட்டில் சமையலறை மேசைதான் அலுவலகம். மனைவி பிரிந்து போய் ஆறு வருஷமாகிறது. போகிறபோது நல்ல பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, பிடி ஆடுகிற வாணலியையும் இவரையும் விட்டுவிட்டுப் போனாள். தொட்டியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். காலையில் எழுந்ததும் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்ப்பார். பேசாமலே கிடந்த தொண்டை முதல் வார்த்தைக்குக் கரகரக்கும். வேலை தொடங்குவதற்கு முன்னால் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

வேலை என்னவென்றால் இதுதான். கடை மூடியவர்களுக்கும் கூலி நின்றவர்களுக்கும் வீட்டுக்கு வீடு நிவாரணப் பணம் என்று தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார்கள். அறிவிக்கிறவர்களுக்கென்ன, வாய் வலிக்காது. பணம் எங்கிருந்து வரும் என்பது கடன்காரர் பிரிவின் தலைவலி. புதிதாக வரி போடலாம் என்றால், சம்பாதிக்கிறவனே வீட்டில் முடங்கிக் கிடக்கிறான். நோட்டை அச்சடித்துத் தள்ளலாம் என்றால், விலைவாசி எங்கே போய் நிற்குமோ என்று பயம். மிச்சமிருப்பது கடன். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஏலத்தில் பெரும்பங்கைக் கொடுத்தன. அவர்கள் வாங்கிய பத்திரங்களில் ஒரு பகுதியை மத்திய வங்கி தன் தலையில் போட்டுக்கொண்டது. அப்படியும் பள்ளம் நிரம்பாமல், பொதுமக்களிடமே கைநீட்டுவது என்று முடிவாகி, நிவாரணக் கடன்பத்திரம் என்று ஒன்று வந்தது. ஒரு பத்திரம் ஆயிரம். ஏழு வருஷம் கழித்து வட்டியோடு திரும்பக் கிடைக்கும்.

வாங்குகிறவர்கள் கைபேசியில் பதிவு செய்வார்கள். நேரில் வந்து கையெழுத்துப் போட வழியில்லாததால், ஓர் அதிகாரி அவர்களைக் கூப்பிட்டு, நிபந்தனைகளை முழுக்க வாசித்து, "சம்மதம்" என்று அவர்கள் வாயால் சொல்லவைக்க வேண்டும். அழைப்பு முழுவதும் ஒலிப்பதிவாகும். அந்தக் குரல்தான் கையெழுத்து. பெரும்பாலானவர்கள் இரண்டாவது வரியிலேயே "சரி சார், சம்மதம் சார், வைக்கட்டுமா சார்" என்பார்கள்.

தையல்காரம்மா அப்படி இல்லை.

"நிபந்தனைகளை வாசிக்கட்டுமாம்மா?" என்று கேட்டார் முதல் நாள்.

"வாசிங்க, வாசிங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நிதானமா வாசிங்க."

வாசித்தார். நடுவில் நிறுத்தினாள்.

"பத்து நாள்னு ஏதோ வந்துச்சே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"அவசரத் தேவை ஏற்பட்டா, வாங்கின பத்து நாளைக்குள்ள ரத்து பண்ணிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கலாம்மா. ரத்துக்குப் பதிவு பண்ணணும். இப்போ உறுதி பண்ற அதிகாரியே, அதாவது நானே, உங்களைக் கூப்பிட்டுப் பேசுவேன்."

"நீங்களேவா? சரி, சம்மதம்."

ஒருவரிடம் முதலில் பேசிய அதிகாரிக்கே அவருடைய பதிவுகள் போகும் என்று ஏற்பாடு; மறுநாள் காலையில் அவர் திரையில் மறுபடியும் அவள் பதிவு இருந்தது. ஆயிரத்துக்கு. அதற்கு மறுநாளும் ஆயிரத்துக்கு. நாலாவது நாள் "சார்" போய் "தம்பி" ஆகிவிட்டது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், கடை கீழே, அவள் இருக்கிற அறை மேலே, கூட யாருமில்லை என்பதெல்லாம் ஒவ்வொரு நிபந்தனைக்கும் நடுவில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கே தைத்து முடித்த சட்டைகள் கடையில் தொங்குகின்றனவாம். வாங்கிப்போக யாரும் வரவில்லை.

"பிள்ளைங்க வளர்ந்துடும் தம்பி. திறக்கும்போது ஒண்ணுகூடச் சேராது. மடிப்புல ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பேன், பிரிச்சு விட்டுக்கலாம். ஆனா ரெண்டு விரல் எத்தனை மாசத்துக்குக் காணும்?"

இன்னொரு நாள் கேட்டாள்: "எனக்கும் நிவாரணப் பணம் வந்துச்சு. அதுல இருந்துதான் இந்த ஆயிரத்தைக் குடுக்கறேன். அப்போ நீங்க எனக்குக் குடுத்த காசை, நான் உங்களுக்கே கடனாக் குடுக்கறேன். நீங்க அதை இன்னொருத்தருக்குக் குடுத்துட்டு, எனக்கு வட்டியும் குடுப்பீங்க. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

"நல்லா இருக்கு உங்க வியாபாரம்! நான் இப்படிக் கடை நடத்தியிருந்தா ஒரே மாசத்துல மூட்டையைக் கட்டியிருப்பேன்."

கடன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். தன் வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"கடைசியில யார் கட்டுவாங்க?" என்றாள்.

"ஏழு வருஷம் கழிச்சு சம்பாதிக்கிறவங்க கட்டுற வரியில இருந்து வரும்மா."

"அப்போ இப்பப் பெரிய சைஸ் சட்டை போடற பிள்ளைங்க எல்லாம் மாட்டிக்கிட்டாங்கன்னு சொல்லுங்க" என்றாள். "சரி, சம்மதம். சாப்பிட்டீங்களா?"

அந்தக் கேள்விக்கு நிபந்தனைத் தாளில் பதில் கிடையாது. அதற்கும் அவர் பதில் சொல்லத் தொடங்கினார். பொய் சொல்லாமல், என்ன சாப்பிட்டார், எதைக் கருகவிட்டார் என்பது வரைக்கும்.

புது மெஷின் வாங்கச் சேர்த்துவைத்த பணம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பள்ளிக்கூடமே இல்லாதபோது மெஷின் எதற்கு என்றாள். அவருக்கும் விஷயம் புரியாமலில்லை. மொத்தமாக வாங்கினால் ஒரு தடவைதான் மணி அடிக்கும். ஆயிரம் ஆயிரமாக வாங்கினால் தினமும் அடிக்கும். பாவம், தனியாக இருக்கிற பொம்பளை, நம்மால் ஆன உபகாரம் என்று நினைத்துக்கொண்டார். தினமும் எட்டு மணிக்கே முகம் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனில் பேச உட்காருகிறவர் தான்தான் என்பது அவர் யோசனைக்கு வரவில்லை.

மாத நடுவில் காணொலிக் கூட்டம். இயக்குநர் இவரைவிட வயதில் சின்னவர், குரலில் பெரியவர்.

"ஒரு பதிவுக்கு நமக்கு என்ன செலவாகுதுன்னு யாராவது கணக்குப் பார்த்தீங்களா? ஒரு அம்மா தினம் ஒண்ணு வாங்கறாங்க. இது கடன்பத்திரமா, பால் பாக்கெட்டா? ஒலிப்பதிவையும் கேட்டேன். சாப்பாடு, சட்டை, அரட்டை! வாங்கறதை ஒரே தடவையா வாங்கச் சொல்லுங்க."

எல்லாரும் பார்க்கக் கடன்காரருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவங்களுக்கு யாருமில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். தினமும் வாங்கக் கூடாது என்று நிபந்தனையில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டிருக்கலாம். "சரி சார்" என்றார். இத்தனை வருஷ உத்தியோகம் அவருக்குச் சரளமாகச் சொல்லப் பழக்கிய வார்த்தை அது ஒன்றுதான்.

மறுநாள் நிபந்தனையை வாசிப்பதற்கு முன்னாலேயே, மென்று விழுங்கிச் சொல்லிவிட்டார்.

"நான் தொந்தரவு பண்ணிட்டேனா தம்பி?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. ஆபீஸ்ல..."

"புரியுது, புரியுது. உங்க வேலைக்கு ஏதும் வந்துடப் போகுது. மிச்சம் இருக்கறதை மொத்தமாப் போட்டுடறேன்."

மதியமே பதிவு வந்தது. நாற்பது பத்திரம். கடன்காரர் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அவள் எங்கேயும் குறுக்கே பேசவில்லை. "சம்மதம்" என்றாள். சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் வேலை இருக்கத்தான் செய்தது. ஒரு நாளைக்கு எத்தனையோ பேர். "சரி சார், சம்மதம் சார், வைக்கட்டுமா சார்." எல்லாரும் வைத்துவிட்டார்கள். கடன்காரர் சவரம் செய்வதை நிறுத்தினார். சட்டை கசங்கியது. எதிர்க் கட்டடத்தில் ஒருவன் ஜன்னலோரம் நின்று பல் தேய்ப்பான்; ஒரு நாள் இவர் கையசைத்துப் பார்த்தார். அவன் திரைச்சீலையை இழுத்துவிட்டான்.

நாமே கூப்பிட்டால் என்ன என்று தோன்றியது. வாடிக்கையாளர் எண்ணைச் சொந்தக் காரியத்துக்கு எடுத்தால் வேலை போய்விடும் என்பது ஒரு பக்கம். அதைவிட, கூப்பிட்டு என்ன சொல்வது? ஐம்பத்து நாலு வயது ஆள், ஒரு தையல்காரம்மாவுக்குப் போன் போட்டு, என்னோடு கொஞ்சம் பேசுங்கள் என்றா கேட்பது? தன் போனில் பாதி எண் வரைக்கும் அழுத்திவிட்டு அழித்தார். உபகாரம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தோமே, வாங்கிக்கொண்டிருந்தது நாம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ரத்து செய்கிற கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, காலையில் திரையில் ஒரு வரி சிவப்பாக நின்றது. ரத்துக் கோரிக்கை, நாற்பது பத்திரம். அவள்தான்.

காய்ச்சலோ, மூச்சுத் திணறலோ, மருத்துவமனைச் செலவோ. குளிர்சாதனப் பெட்டிக்கு ஹலோ சொல்லாமலே எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. ரத்து பண்ணணும் தம்பி. நீங்க முறைப்படி வாசிங்க."

ரத்துக்கும் ஒரு தாள் உண்டு. வாசித்தார். குரல் கரகரத்தது.

"என்ன அவசரத் தேவைன்னு கேக்கணும்மா. மருத்துவச் செலவா, வருமானம் நின்னு போச்சா, வேற ஏதாவதா?"

"வேற ஏதாவது."

"என்னன்னு சொல்லணும். பதிவாகுது."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"நீங்க போனை வெச்ச நாள்ல இருந்து யார்கிட்டயும் பேசலை தம்பி. கீழ போய் அந்தச் சட்டைங்ககிட்டப் பேசிப் பார்த்தேன். ஒண்ணாவது வாயைத் திறந்துச்சா?" சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "பணம் கைக்கு வந்ததும் திரும்ப வாங்கிடுவேன். அரசாங்கத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒவ்வொண்ணா வாங்குவேன். வாங்கக் கூடாதுன்னு நீங்க வாசிச்ச எதுலயும் வரலையே? நான் தினம் கேட்டேனே."

"வரலைம்மா" என்றார் கடன்காரர். "எங்கயும் அப்படி இல்லை."

"அப்போ போட்டுக்கோங்க."

தாளில் கடைசி வரி அதிகாரிக்கு. தேவை உண்மையானதுதானா என்று தனக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டுமே அவர் அதைச் சொல்லலாம். இயக்குநர் இதையும் கேட்பார். நாலு பேர் நடுவில் வைத்துக் கிழிப்பார், மேலிடத்துக்கு எழுதினாலும் எழுதுவார். கிழிக்கட்டும், எழுதட்டும் என்றிருந்தது. ஒலிக்கருவியை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"வாடிக்கையாளரின் அவசரத் தேவை உண்மையானது என, உறுதிசெய்யும் அதிகாரியாகிய நான் சான்றளிக்கிறேன்."

உண்மையானது என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. இருமி மறைக்கப் பார்த்தார். வருஷக்கணக்காகப் பிள்ளைகளின் தோளைத் தொட்டு அளவெடுத்தவளிடம் அது பலிக்கவில்லை.

"தம்பி," என்றாள் மெதுவாக, "உங்களையும் யாரும் கூப்பிடறதில்லையா?"

"இல்லம்மா" என்றார். அழைப்பு பதிவாகிக்கொண்டுதான் இருந்தது.