பிறைக்குக் கீழே ஒரு சாவி

வெண்டல் பிரிக்ஸ் தான் எழுதிய முதல் புத்தகத்தை இதுவரை பதினோரு முறை அடுப்பில் போட்டிருக்கிறார். எங்கே ஒரு முதல் பதிப்பு விற்பனைக்கு வந்தாலும் வேறு பெயரில் வாங்கிவிடுவார். அவர் எரிக்க எரிக்க மிச்சப் பிரதிகளுக்கு மவுசு ஏறியது. மாட்டுப்பண்ணைக் கதைகளைச் சேர்ப்பவர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். இரண்டாம் பதிப்பில் அவர் மாற்றிவிட்ட ஒரு சின்னப் படம் அதில்தான் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இந்த நுணல் அடுப்பு மூட்டியும் கெட்டது.

பன்னிரண்டாவது பிரதி ஜனவரி மாதத்து ஒரு காலையில் தானாகவே வீடு தேடி வந்தது. கொண்டுவந்தவன் பக்கத்துப் பண்ணை டுவேன். பிக்கப் வண்டியின் முன்னால் மாட்டிய இரும்புப் பலகையால் பனியைத் தள்ளிக்கொண்டே வந்தான். இருபது வருடமாக மொன்டானாக் குளிர்காலத்தில் வெண்டலுக்கு வெளியுலகம் என்று ஒன்று இருந்தால், அது டுவேன் தள்ளிவிட்ட பாதைதான்.

"என்ன பெருசு, இன்னும் மூச்சு இருக்கா? நான் பாட்டுக்கு எழவுக்குக் கோட்டு தேச்சு வச்சிருக்கேன்."

"நான் போறதுக்குள்ள உனக்குத் தொப்பை போட்டு அந்தக் கோட்டு பத்தாமப் போயிடும். உள்ள வாடா."

டுவேன் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தான். "உங்க எண்பத்தஞ்சாவது பொறந்தநாளுக்கு. ஒரு கிடாரியை வித்துத்தான் வாங்கினேன். உங்க புத்தகம் உங்ககிட்டயே இல்லைன்னு ஷெல்பிக்கு ஒரே வருத்தம்."

ஷெல்பி அவனுடைய பதினைந்து வயது மகள். வெண்டல் அட்டையைப் பார்த்தார். முதல் பதிப்பேதான்.

ஐம்பத்தேழாம் வருடக் கோடையில், வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் டுவேனின் அப்பா கெர்மிட்டோடு அவர் முட்டிக்கொண்டார். அந்த ஆத்திரத்தில் இந்தப் புத்தகத்தில் வரும் ஒரு கதையை எழுதினார். அதில் வரும் கன்றுத் திருடனுக்குப் பெயர் வைக்கவில்லை, அவன் மாட்டுச் சூட்டுக்குறியை மட்டும் படமாகப் போட்டார். பிறைக்குக் கீழே ஒரு சாவி. கெர்மிட்டின் மாடுகளுக்குப் போடும் குறி. அந்தப் பக்கத்து ஆட்கள் மனிதன் பெயரை மறந்தாலும் மாட்டின் விலாவில் இருக்கும் குறியை மறக்கமாட்டார்கள். கெர்மிட்டின் மாடுகள் சந்தையில் இறங்கும்போதெல்லாம் சிரிப்பு எழுந்தது. மறு வருடம் அவர் குறியையே மாற்றிக்கொண்டார். வெண்டலிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்று ஈனும் காலத்தில் உதவிக்கு வருவதையும் நிறுத்தவில்லை. அதுதான் வெண்டலைக் கொன்றது. டுவேன் அதற்கெல்லாம் பிறகு பிறந்தவன்.

"கதையை நான் இன்னும் படிக்கல. ஆனா இந்தப் படம் இருக்கே," என்று டுவேன் பக்கத்தைத் திருப்பினான். "ஷெல்பிக்கு இது மேல உசுரு. விசாரிச்சேன், இந்தக் குறி இப்ப யார் பேர்லயும் பதிவாகி இல்லையாம். அவ கன்னுகளுக்கு இதையே பதிஞ்சிடப் போறோம். உங்க ஞாபகமாவும் இருக்கும்ல?"

வெண்டல் புத்தகத்தை மூடினார். "வேண்டாம்டா. கோடெல்லாம் நெருக்கமா இருக்கு. சூடு போட்டா கலங்கிப் போயிடும்."

"கொல்லன் சூடு போடுற இரும்பே அடிச்சுக் குடுத்துட்டான் பெருசு, வண்டியில கிடக்கு. ஷெல்பி பேருக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க."

பேனா கைக்கு வந்தது. அந்தக் கதையைப் படித்துச் சிரித்த கிழவர்கள் இன்னும் நாலைந்து பேர் சந்தைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஷெல்பியின் கன்றுகள் அவர்கள் முன்னால்தான் இறங்கும். வாயைத் திறந்தால் தனக்கென்று இருக்கும் ஒரே குடும்பமும் போய்விடும். திறக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கும் அவரே திருட்டுப் பட்டம் கட்டியதாகும். அடுப்பு இரண்டடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. புத்தகத்தை அதில் போடலாம், வண்டியில் கிடக்கும் இரும்பை என்ன செய்வது?

"உங்க கொட்டகைக் கதவுல ஒரு இடம் சுரண்டிக் கிடக்குமே," என்றார்.

"ஆமா. அதுக்கு மேல பெயின்ட் அடிக்க அப்பா கடைசிவரைக்கும் விடல. ஏன்னு கேட்டா முறைப்பாரு."

"அங்க இருந்தது இதுதான். உங்க அப்பாவோட குறி. அதைத் திருடன் குறின்னு எழுதினது நான். படி."

டுவேன் தொப்பியைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே ஒன்பது பக்கமும் படித்தான். பிறகு புத்தகத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டான்.

"அப்பா சாகுறப்ப உங்களைப் பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் போனாரு," என்றான்.

வெளியே போய் வண்டியில் ஏறினான். வெண்டல் ஜன்னலருகே போய் நின்றார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வந்த பாதை பாதி மூடியிருந்தது. வண்டி திரும்பிப் பெரிய சாலையில் ஏறும்வரை இரும்புப் பலகை பனியைத் தொடாமல் தூக்கியபடியே இருந்தது.